மீடியம் தலை

நவம்பர் 3, ஞாயிறு

நரம்பு டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். தலையில் அடிபட்டவர்கள் அன்றன்று நடந்ததை எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்க்க வேண்டுமாம். படிப்பது ஞாபகத்தில் இருந்தால் மண்டை சரியாக இருக்கிறது. இல்லாவிட்டால் மறுபடி அவரிடமே போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு நஷ்டமில்லை.

இது எங்கள் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பிராய்லர் கோழி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. நான் கோழித்தீவன விற்பனைப் பிரதிநிதி. பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்தொன்பது. ஊர் பல்லடம். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது டாக்டர்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி சாயந்திரம், பண்ணைகளைச் சுற்றிவிட்டு பைக்கில் திரும்பும்போது விழுந்தேன். ஹெல்மெட் கழன்று ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். தோள்பட்டை எலும்பு முறிவு, இடது காதுக்கு மேலே ஒன்பது தையல், இரண்டு நாள் நினைவில்லை. காரணம், நாய் குறுக்கே வந்தது.

முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

நவம்பர் 4

இருபதாம் தேதியிலிருந்து வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்துவிட்டார். கூடவே, பழைய ஹெல்மெட்டை இனித் தொடக் கூடாது, ஒருமுறை அடிவாங்கியது அடுத்த அடியைத் தாங்காது, புதிதாக வாங்கு என்றார். மனைவிமார்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் என் அம்மா அப்பாவை ஒரே வருடத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி டேப்பை எடுத்தாள். என் மனைவி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். இருபத்து நான்கு வருடத்தில் ஊரில் எல்லாரையும் அளந்தவள் என்னை அளந்தது இன்றுதான். "அம்பத்தெட்டு" என்று சொல்லிச் சுவரில் சாக்பீஸால் எழுதினாள். இப்போது கனகா டீச்சரின் தோளுக்கும் பால்கார அம்மாளின் இடுப்புக்கும் நடுவே என் தலை இருக்கிறது.

"எனக்குக் காட்டாம ஹெல்மெட்டு வாங்கீராதீங்க" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. இப்போதெல்லாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நவம்பர் 6

பஸ்ஸில் திருப்பூர் போனேன். ஹெல்மெட்டுக்கென்றே ஒரு கடை, நல்ல கடை என்று கம்பெனியில் சொன்னார்கள். கடையை நடத்துவது ஒரு பெண், ஷர்மிளா பானு. முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிப்பு ஸ்டாக் இல்லை.

"என்ன சைஸ் சார் போடுவீங்க?"

"எக்ஸ் எல்."

என் தலையைப் பார்த்தார். சந்தையில் தேங்காய் பொறுக்குகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே டேப்பை வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்மண்டையைச் சுற்றி இழுத்தார்.

"அம்பத்தெட்டு. மீடியம்."

"மறுபடி அளந்து பாரும்மா."

அளந்தார். "இப்பவும் மீடியம்தான் சார்."

நாற்பத்தொன்பது வருடமாக என்னுடையது பெரிய தலை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயரே மண்டையன். கல்யாணத்தில் தலைக்குக் கட்டிய உருமால் போதவில்லை என்று தாய்மாமன் இன்னொன்று வாங்க ஓடினார். இத்தனை பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள், அல்லது ஆகஸ்டில் கொஞ்சம் சிந்திவிட்டது.

மீடியத்தை மாட்டினார். கன்னம் இரண்டும் உள்ளே தள்ளப்பட்டு வாய் மீன் வாயாகிவிட்டது. பேசினால் கன்னத்தைக் கடித்துக்கொள்கிறேன்.

"அப்பிடித்தான் சார் இருக்கணும். ஓட்ட ஓட்டப் பஞ்சு அமுங்கிடும். வாங்கும்போதே லூசா இருந்தா, அடுத்த மாசம் குடத்தைக் கவுத்த மாதிரி ஆடும்."

பிறகு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினார். நெற்றித் தோல் கூடவே திரும்பியது. தோல் நின்று ஹெல்மெட் மட்டும் திரும்பினால் அது நம் அளவு இல்லையாம். வாரைப் பூட்டி, பின்பக்கம் பிடித்து மேலே தூக்கினார். அது கழலவில்லை, நான்தான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். அப்படியே இருபது நிமிடம் உட்காரச் சொன்னார், எங்காவது ஒரே இடத்தில் குத்தினால் சொல்ல வேண்டும். உட்கார்ந்தேன். வந்துபோகிற கூட்டமெல்லாம் கடைக்குள்ளே ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்துவிட்டுப் போனது.

குத்தவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

"காது அடைக்குதும்மா. கன்னத்துகிட்ட கொஞ்சம் சந்து வேணும்."

"சந்து எதுக்கு சார்?"

"காத்துப் போக."

"காத்து மேல இருக்கிற ஓட்டை வழியா வரும் சார்."

"ஒரு சைஸ் பெருசு காட்டேன்."

"உங்க தலைக்கு இதைவிடப் பெருசு நான் விக்க மாட்டேன் சார்."

வியாபாரம் செய்யத் தெரியாத பெண். நான் கோழிக்கே தீவனம் விற்கிறவன், எனக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

போகவர நான்கு மணி நேரம் ஆயிற்று. வசந்தாமணி ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. முன்பெல்லாம் நான்கு மணி நேரத்தில் ஆறு போன் வரும். எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, வரும்போது அதை வாங்கி வாருங்கள், அது வேண்டாம் இதை வாங்கி வாருங்கள். வீட்டிலேயே கிடக்கிறவனை எதற்குக் கூப்பிடுவது என்று இத்தனை நாள் சும்மா இருந்திருப்பாள். இன்றைக்கு வெளியேதானே இருந்தேன்.

நவம்பர் 8

மச்சினன் குப்புராஜ் வந்தான். வசந்தாமணியின் தம்பி. அடுத்த தேர்தலில் கவுன்சிலராகப் போகிறான், அதாவது அவன் சொல்கிறான். தெருநாய்களை ஒழிக்கக் கோரி நகராட்சிக்கு மனு தயாரித்திருக்கிறான். முதல் பத்தியிலேயே நான் வருகிறேன்: 'கொடூரமான கறுப்பு நாய் ஒன்றினால் உயிருக்குப் போராடிய திரு. சென்னியப்பன்'.

"கருப்புன்னு நான் சொன்னனா மாப்ள?"

"மனுவுல ஒரு கலர் இருந்தாத்தான் மச்சான் எடுபடும்."

கையெழுத்துப் போட்டேன். வசந்தாமணி காபி கொண்டுவந்து வைத்தாள். மனுவை வாசித்தாள். உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 9

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஹெல்மெட் வாங்கிவிட்டேன். எக்ஸ் எல். கடைக்காரர் என் தலையைப் பார்க்கவே இல்லை. மனிதர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நன்றாகக் காற்றோட்டமாக இருக்கிறது. காதுப் பக்கம் வசதி. போனைச் செருகிப் பார்த்தேன், சும்மாதான். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மேலே உள்ள வரியை அடித்துவிட வேண்டும். ஆனால் அடித்தால் டாக்டர் சந்தேகப்படுவார்.

நவம்பர் 10, ஞாயிறு

வாங்கியதை நேற்று ராத்திரியே வசந்தாமணியிடம் காட்டினேன். என் தலையில் மாட்டி இரண்டே விரலால் திருப்பினாள். ஹெல்மெட் திரும்பியது, நான் திரும்பவில்லை. உலகம் இருட்டாகிவிட்டது. மறுபடி நேராக்கி, இடது காதுப் பக்கம் இருந்த சந்துக்குள் நான்கு விரலையும் விட்டாள். விட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையை எடுத்துக்கொண்டு தையல் மிஷினுக்குப் போய்விட்டாள்.

இன்று காலையில் பார்த்தால் ஹெல்மெட் சமையலறை ஆணியில் தொங்குகிறது. உள்ளே பூண்டு.

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். பூண்டோடு எப்படிச் சண்டை போடுவது?

நவம்பர் 11

மழை. பஜ்ஜி கேட்டேன். கடலை மாவு இல்லை என்றாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் கடலை மாவு இல்லை.

நவம்பர் 14, வியாழன்

திருப்பூருக்கு இரண்டு பேரும் போனோம். ஷர்மிளா பானு என்னை மறக்கவில்லை.

"வாங்க மீடியம் சார்."

வசந்தாமணி பெஞ்சில் உட்காரவில்லை. என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். மாட்டினார்கள், திருப்பினார்கள், தூக்கினார்கள். இரண்டு பெண்களுக்கு நடுவே என் மண்டை படாதபாடு பட்டது. தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது என்று ஷர்மிளா சொன்னதும் இவள் தன் விரலை விட்டுப் பார்த்தாள். துணிக்காரிக்குத் துணிக்காரி பேசுவது போலக் கன்னப் பஞ்சு, உள்ளே தைத்த தையல், பஞ்சைக் கழற்றித் துவைப்பது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வாய் மூடியிருந்தது.

நான் எப்படியோ கன்னத்தைக் கடிக்காமல், "காது அடைக்குது. கொஞ்சம் சந்து..." என்றேன்.

வசந்தாமணி கைப்பையைத் திறந்தாள். தன் போனை வெளியே எடுத்தாள். அதை என் இடது கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே வைத்துத் தள்ளினாள். போகவில்லை. சாய்த்துத் தள்ளினாள். கீழேயிருந்து தள்ளினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினாள். அதன் முனைகூட நுழையவில்லை.

"இது போதுமுங்க. இதையே குடுத்துருங்க" என்றாள் ஷர்மிளாவிடம்.

ஷர்மிளா பானு என்னைப் பார்த்தார். முதல் நாள் நான் கேட்ட சந்து எதற்கென்று அவருக்கு விளங்கிவிட்டது. பில் புத்தகத்தை எடுத்தார். இன்றைக்கு முழுவதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது, முகமாவது தெரியாது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் என் போனை எடுத்து, வந்த கால்களின் பட்டியலை ஆகஸ்ட் எட்டு வரை தள்ளிக்கொண்டே போனேன். அன்றைக்கு விழுந்து கண்ணாடி விரிசல் விட்ட அதே போன்தான். இதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

'வீடு. 6.41 மாலை. 19 நிமிடம்.'

நாங்கள் பேசியது ஒரு நிமிடம். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிச்சம் பதினெட்டு நிமிடம்?

நவம்பர் 15

காலையில் அவள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்.

"ஏம்புள்ள, அன்னைக்குப் பத்தொம்பது நிமிஷம் போன்ல என்ன பண்ணீட்டு இருந்த?"

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"கேட்டுட்டு இருந்தனுங்க."

அவள் துணியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கடலை மாவு கால் கிலோ வாங்கீட்டு வாங்கன்னேன். 'உனக்கு வேற வேலையே இல்லையா'ன்னீங்க. அப்பறம் டம்முன்னு சத்தம். எதோ உருள்ற சத்தம். பேசுவீங்க, பேசுவீங்கன்னு பாத்தேன். லாரி போறது கேட்டுச்சு. ஒருத்தன் 'ஆளு முடிஞ்சுதப்பா'ன்னான். நான் கத்தறேன், ஒருத்தருக்கும் கேக்கல. போனு ஹெல்மெட்டுக்குள்ள எங்கியோ கெடந்திருக்குது. கட் பண்ணுனா தம்பியைக் கூப்புடலாம். கட் பண்ணீட்டா உங்ககூட இருக்கறது வுட்டுப் போயிருமுன்னு கையே வரலைங்க. கடைசீல மில்லுக்குப் போற புள்ள ஒண்ணு எடுத்து, 'அக்கா அழுவாதீங்க, மூச்சு இருக்குது'ன்னு சொல்லுச்சு."

"நாயின்னு நான் சொன்னப்ப..."

"நானும் நாயையே நெனச்சுப் பாத்தனுங்க. ஒரு குலைப்புக்கூட எனக்குக் கேக்கல."

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் குப்புராஜ் "எப்படி மச்சான்?" என்று கேட்டான். நாய் என்றேன். அப்போது அவள் கையில் தண்ணீர் டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். மூன்று மாதமாக விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் என் நாயை நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. அதில் கால்வாசிதான் உண்மை. ஓட்டிக்கொண்டே போன் பேசி விழுந்த முட்டாள் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. முக்கால்வாசி அதுதான். எக்ஸ் எல் ஹெல்மெட்டை நான் கேட்டு வாங்கியதே போன் செருகத்தான். பண்ணைக்காரன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், மேனேஜர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். பதினோரு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறேன். இதில் பெரிய தலை என்ற பெருமை வேறு.

"நான் கூப்புட்டிருக்கக் கூடாதுங்க" என்றாள். இதைச் சொல்லும்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு வேற வேலை இருந்துச்சு. தெரியாமக் கூப்புட்டுட்டேன்."

மூன்று மாதமாக அவள் ஏன் கூப்பிடவில்லை, ஏன் ஒரு சாமானும் என்னை வாங்கிவரச் சொல்லவில்லை, எல்லாக் கடைக்கும் வெயிலில் தானே ஏன் நடக்கிறாள் என்பதெல்லாம் அப்போதுதான் இந்த மீடியம் மண்டைக்குள் ஏறியது.

"நீ கூப்புட்டது தப்பில்ல புள்ள. நான் எடுத்ததுதான் தப்பு. வண்டிய நிறுத்தீட்டு எடுத்திருக்கோணும்."

"எடுக்கலைன்னா வீட்டுக்கு வந்ததும் நாந்தான் உங்களை வறுத்தெடுத்திருப்பேன்."

"ஆமா."

"எப்பவும் அதுதானுங்களே பண்ணுவேன்."

"ஆமா. பண்ணுவ."

அழுதாள். நானும் அழுதேன், வலது தோள்மேல் சாய்த்துக்கொண்டேன், இடது இன்னும் வலிக்கிறது. அந்த நேரம் பார்த்து கனகா டீச்சர் ஜாக்கெட் வாங்க வந்து, வாசலிலேயே நின்று, திரும்பிப் போய்விட்டார். ஊரெல்லாம் என்ன சொல்வாரோ. சொல்லட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

குப்புராஜைக் கூப்பிட்டு, மனுவிலிருந்து என்னை எடு, நாயே வரவில்லை என்றேன்.

"மச்சான், அம்பத்திரெண்டு கையெழுத்து வாங்கீட்டேன்!"

"அம்பத்தொண்ணு ஆக்கிக்க."

"அப்ப எதுதான் குறுக்க வந்துச்சு?"

"போனு. உங்கக்காகூடப் பேசீட்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள்ள வெச்சிருந்தேன். அது நழுவுச்சு, புடிக்கக் கையத் தூக்குனேன், விழுந்துட்டேன்."

அவன் என்னையும் பார்த்தான், அக்காவையும் பார்த்தான். ரொம்ப நேரம் தலையை ஆட்டினான். "ச்சே, எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், இந்தப் பாழாப்போன பழக்கத்தை விடுங்கடான்னு" என்றான். வெளியே போய் வண்டியை எடுத்தான். போன் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு, "சொல்லுங்கண்ணா" என்றபடியே தெருமுனை திரும்பினான்.

வசந்தாமணி ஓடிப்போய்க் கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 18

வசந்தாமணி டேப்பைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அறுபது சென்டிமீட்டராம். அவன்தான் நிஜமாகவே பெரிய தலை. கவுன்சிலர் ஆகிவிடுவான் போலிருக்கிறது.

நவம்பர் 20, புதன்

மூன்று மாதம் பன்னிரண்டு நாள் கழித்து வண்டி எடுத்தேன். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணை. வசந்தாமணி ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டி, இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். என் தலையும் கழுத்தும் அவள் திருப்பிய பக்கமெல்லாம் போயின. கல்யாணமான நாளிலிருந்து அதுதானே நடக்கிறது.

போனை வண்டியின் சைடு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். அவள் பார்க்கும்படியே பூட்டினேன். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். வேறெதுவும் வாங்கிவரச் சொல்லவில்லை.

விழுந்த இடத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பாமலே தெரிந்தது. காது அடைக்கத்தான் செய்கிறது. கன்னம் வலிக்கத்தான் செய்கிறது. குறுக்கே வந்த ஆட்டோக்காரனைத் திட்ட வாயைத் திறந்தால் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன், ஆகவே அவன் பிழைத்தான். கம்பெனிக்காரன் யாராவது கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்காது. பதினோரு வருடத்தில் முதன்முறையாக ரோட்டை முழுசாகப் பார்த்தேன். பாதி ரோடு குழி. இத்தனை நாள் விழாமல் இருந்ததுதான் அதிசயம்.

பண்ணையில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு மிஸ்டு கால். 'வீடு.' 9.22.

ஆகஸ்டுக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் போன். எதற்கோ என்று பயந்துபோய்க் கூப்பிட்டேன். பாதி மணியிலேயே எடுத்தாள்.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. ஓட்டீட்டிருக்கறப்ப எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

"எடுக்கலையே."

"ஆமாங்க, எடுக்கல" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வரும்போது கால் கிலோ..." என்று ஆரம்பித்து ஒரு நீளமான பட்டியல் சொன்னாள். பின்னால் இரண்டாயிரம் கோழி கத்துகிறது, நான் கையிலேயே எழுதிக்கொண்டேன்.

போனை எடுக்காததற்கு இருபத்து நான்கு வருடத்தில் அவளிடம் நான் திட்டு வாங்காதது இதுதான் முதல் தடவை.